நோன்பு முடிந்த வாரத்து நிறுவை

ஓய்வு பெற்ற பிறகும் என் வீட்டுக் கேற்றைத் தட்டுகிறவர்கள் இருந்தார்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம், தூதரகத்துக்கு ஒரு விளக்கம், பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதிக்கு ஒரு மேன்முறையீடு, எதுவானாலும் "சேர்ட்ட போங்க, எழுதித் தருவார்" என்பார்கள். நான் பாடசாலை அதிபராக இருந்தவன். அதற்கு முன் ஆங்கிலம் படிப்பித்தவன். கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன். இப்போது அந்த வேலையைப் பிள்ளைகளின் போன்களே செய்துவிடுகின்றன. கேற் நாளெல்லாம் சாத்தியே கிடக்கிறது.

அப்படி நான் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதிலிருந்த ஒரே ஒரு வாக்கியம் ஒரு பெண்ணின் நல்ல பெயரைக் கெடுத்தது. அந்தப் பெண் இப்போது உயிரோடு இல்லை.

நாட்டில் அரிசியும் பருப்பும் எட்டாத விலைக்குப் போய், எரிவாயுவுக்கு ஆட்கள் தெருவில் படுத்துக்கிடந்த காலத்துக்கு அடுத்த வருடம் அது. கல்முனைக்குத் தெற்கே கடற்கரையோரம் எங்கள் ஊர். அங்கேயுள்ள ஆரம்பப் பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழத் தொடங்கியிருந்தார்கள். வெளிநாட்டுத் தர்ம நிறுவனம் ஒன்று பாடசாலைச் சாப்பாட்டுக்கும், பிள்ளைகளுக்குப் போசாக்கைப் பற்றிப் படிப்பிப்பதற்கும் நிதி கொடுக்கிறது என்று அதிபர் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். அவர் என்னிடம் படித்தவர். "ஆங்கிலத்துல கேக்கிறாங்க சேர், நீங்கதான் கைகொடுக்கணும்" என்றார்.

எழுதினேன், நிதியும் கிடைத்தது. திட்டத்தின் செயலாளர் என்று என் பெயரையே போட்டார்கள்.

சமைப்பதற்கு, அந்தப் பாடசாலையில் முன்பு மகளைப் படிக்க வைத்த ஒரு தாயைத் தெரிவு செய்தோம். அவருடைய கணவன் வேறு ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டவன். சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருந்துகொண்டு, கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து மகளைக் கரைசேர்த்தவர். இறக்காமத்துச் சிவப்பரிசி, பாலமுனைக் கடலிலிருந்து வரும் நெத்தலி, முட்டை, பருப்பு, ஒரு கீரை. நிறுவனம் தந்த பட்டியல் இதுதான். அவர் அதை ஒரு நாளும் மாற்றவில்லை. கீரையை மட்டும் அரியாமல் கட்டாகவே பாடசாலைக்குக் கொண்டுவருவார். போசாக்குப் பாடத்துக்கு நான் ஒரு பெரிய வர்ணப் படம் வரைவித்துச் சுவரில் மாட்டியிருந்தேன். பிள்ளைகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவரைச் சுற்றி உட்கார்ந்து முருங்கையை உருவுவார்கள், அகத்தியை மணந்து பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள்.

"மாமி, எனக்குக் கீரை வேணாம், முட்டை மட்டும் போடுங்க."

"கீரை இல்லாட்டி முட்டையும் இல்ல. ரெண்டும் கூடப்புறந்ததுகள், தனியப் போகாதுகள்."

"அப்ப நெத்தலி?"

"அது அதுகள்ட மச்சான். அதையும் கூட்டிக்கொண்டுதான் அதுகள் வரும்."

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மூன்றையும் தின்றார்கள். பாடம் அங்கேதான் நடந்தது. நான் மாதந்தோறும் அனுப்பிய அறிக்கைகளில் என் படத்தைப் பற்றித்தான் எழுதினேன்.

நிறுவனத்தின் நிபந்தனைகளில் ஒன்று நிறுவை. திட்டம் தொடங்கும்போது எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவை நிறுக்க வேண்டும், ஆண்டு முடியும்போது மறுபடியும் நிறுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து அடுத்த ஆண்டுக்கும் நிதி தருவதா என்று முடிவெடுப்பார்கள். அந்தத் திகதிகளை விண்ணப்பத்திலேயே நாங்கள் குறித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கேதான் என் பிழை தொடங்குகிறது. இதே நிறுவனத்துக்குப் பக்கத்து ஊர்த் தமிழ்ப் பாடசாலை ஒன்றுக்கும் நான்தான் விண்ணப்பம் எழுதியிருந்தேன். எங்கள் ஊருக்கு எழுதும்போது கணினியில் அதை எடுத்து, பெயர்களை மாற்றி, பிள்ளைகளின் தொகையை மாற்றி, திகதிகளை அப்படியே விட்டுவிட்டேன். அவர்களுக்கு அந்தத் திகதி பொருந்தும். எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கோ நோன்பு மாதம் முழுக்க விடுமுறை, பெருநாள் கழிந்த பிறகுதான் திறப்பார்கள். நான் குறித்திருந்த இரண்டாம் நிறுவை நாள், திறந்த முதல் வாரத்தில் போய் விழுந்தது. நாற்பது வருடம் முஸ்லிம் பாடசாலைகளில் வேலை செய்தவனுக்கு அது கண்ணில் படவில்லை.

கண்ணில் பட்டபோது திருத்த நேரம் இருந்தது. கொழும்பிலிருந்த திட்ட அலுவலருக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் ஏன் முதலிலேயே கவனிக்கவில்லை என்று அந்த இளம்பெண் நினைப்பாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. சில கிராம் அப்படி இப்படி இருக்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன்.

நிறுவைக்கு முந்தின நாள் சமைக்கிற அந்தத் தாய் என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"சேர், நாளைக்கு நிறுக்காதீங்க."

"ஏன் புள்ள?"

"புள்ளைகளப் பாருங்களன். போட்டி போட்டு நோன்பு புடிச்சிரிக்கிகள். ரெண்டாம் வகுப்புப் புள்ள முப்பதையும் புடிச்சிரிக்கி. எலும்பும் தோலுமா வந்து நிக்கிகள். வீட்டுலயும் ஒண்டுமில்ல. ஒரு மாசம் எண்ட சோறும் இல்ல. எனக்கு மூணு கிழமை தாங்க, ஊட்டிப்போட்டுத் தாறன். மறுகா நிறுங்க."

"அது அவங்க குறிச்ச நாள். மாத்த ஏலா" என்றேன். குறித்தது நான்.

"அப்ப ஒரு துண்டுலயாவது எழுதுங்க சேர், நோன்பு முடிஞ்ச கையோட எடுத்த நிறுவை எண்டு."

"அதெல்லாம் நான் பார்த்துக்கொள்றன், நீங்க போங்க."

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் எனக்கு அறிக்கை எழுதச் சொல்லித் தருவதா என்று எனக்குள் ஏதோ உறுத்தியது. அந்த உறுத்தலையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிறுத்தார். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே நின்றார்கள். பலர் அதற்கும் கீழே போயிருந்தார்கள். திட்ட அலுவலர் தொலைபேசியில் மரியாதையாகத்தான் கேட்டார்: "என்ன நடந்தது சேர்? காரணத்தை அறிக்கையில் விளக்கமாக எழுதுங்கள்."

இன்று யோசித்தால், அந்த எண்களைப் போல நல்ல சாட்சி எங்களுக்கு வேறு கிடைத்திருக்காது. அவருடைய சோறு ஒரு மாதம் நின்றவுடன் பிள்ளைகள் அப்படி இறங்கிப் போனார்கள் என்றால் அந்தச் சோறு எவ்வளவு தாங்கியிருக்கிறது! அதை எழுத எனக்கு ஆங்கிலம் இருந்தது. ஆனால் எழுதினால் திகதியைப் பற்றியும் எழுத வேண்டும், யார் குறித்தது என்பதும் வெளியே வரும். மேசையில் ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில், உணவு வழங்குநர் பரிந்துரைக்கப்பட்ட அளவுகளை எல்லா நாட்களிலும் பின்பற்றினார் என்று உறுதிப்படுத்திக்கொள்ள இயலவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதினேன். அதில் பொய் என்று யாரும் காட்டக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. எழுதி முடித்து இரண்டாம் முறை படித்தபோது அதன் நேர்த்தி எனக்குப் பிடித்திருந்தது.

நிறுவனம் கெட்டிக்காரத்தனமாக முடிவெடுத்ததாக எல்லோரும் சொன்னார்கள். நிதியை நிறுத்தவில்லை, சமைப்பவரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். வேறொரு பெண் வந்தார், அவரும் நல்லவர். அடுத்த ஆண்டு நோன்பு இன்னும் பத்து நாள் முந்தி வந்தது. அந்த முறை நான் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோன்புக்கு முந்திய வாரத்தில் நிறுவைத் திகதியைக் குறித்தேன். பிள்ளைகள் எல்லோரும் ஏறியிருந்தார்கள். அதிபர் மகிழ்ந்தார். எனக்குப் பாடசாலையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்த இரண்டு நிறுவைகளையும் ஊர் தன் பாட்டுக்கு ஒப்பிட்டுப் பார்த்தது. ஆள் மாறினதும் பிள்ளைகள் கொழுத்துவிட்டார்கள், அப்படியென்றால் முதல் ஆள் என்ன செய்தாள்? கேள்வியைக் கேட்டவர்களே பதிலையும் சொல்லிக்கொண்டார்கள். அவர் தெருவால் போகும்போது மதிலுக்குள்ளிருந்து, "முட்டைக்காரி போறா, கூடைக்குள்ள என்ன இரிக்கோ" என்று பெண்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். கல்யாண வீடுகளுக்குக் கறி ஆக்க அவரைக் கூப்பிடுவது நின்றது. இடியப்பம் வாங்கிய கடைகளும் ஒவ்வொன்றாக விட்டன.

ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், நான் ஒரு முட்டையாவது எடுத்தனா? நாளாந்தம் பக்கத்துல நிண்டு பார்த்த ஆள் நீங்கதானே."

"நான் அப்பிடி ஒண்டும் சொல்லல்லையே."

"அப்ப ஆரு சேர் சொன்ன?"

"அது மேலிடத்து முடிவு, புள்ள. எங்கட கையில இல்ல."

"சரி சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி அப்போது உயிரோடு இருந்தார், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது, "இஞ்ச பாருங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடியிற விஷயம்தானே இது" என்றார். நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆனால் பொன்னாடையை மடித்து அலுமாரியில் வைக்கச் சொன்னபோது, "நீங்களே வையுங்க" என்றார்.

அடுத்த வருடம் என் மனைவி மௌத்தாகி என்னை விட்டுப் போனார். நான் செய்ததை அறிந்த இன்னொரு மனிதர் இருந்தார் என்பது எவ்வளவு பெரிய துணை என்பது அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைகள் ஒருவன் கட்டாரில், ஒருவன் அவுஸ்திரேலியாவில். வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவார்கள். "சாப்பிட்டீங்களா வாப்பா" என்பார்கள். ஓம் என்பேன். பகலுக்குக் கடைப் பார்சல். நோன்பில் பள்ளிவாசல் கஞ்சியை ஒரு வாளியில் வாங்கிவந்து, மேசையில் தனியாக இருந்து நோன்பு துறக்கும் பாங்குக்குக் காத்திருப்பேன். பேரீச்சம்பழத்தை ஒருவருக்கு என்று எடுத்து வைக்கும்போது தட்டு மிகவும் பெரிதாகத் தெரியும். அந்த மாதம் வந்தாலே எனக்குப் பாடசாலை வாசலில் அந்தச் சமையல்காரத் தாய் வந்து நின்றதுதான் நினைவுக்கு வரும்.

சென்ற வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். சிறுநீரக வருத்தம். அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். நான் போனேன். போகாமல் இருந்தால் யாராவது கவனிப்பார்கள் என்று நினைத்ததும் உண்மை.

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம். ஜனாஸாவைத் தொழுவதற்கு முன், மௌத்தானவரின் நெருங்கிய உறவினர் எழுந்து நின்று, அவர் யாருக்கும் தர வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், யாருடைய மனதையும் நோகடித்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று சபையைக் கேட்பார். சபை "பொருந்தினோம்" என்று சொல்லும். அன்று எழுந்தவர் அவருடைய தம்பி. மீன் ஏற்றும் லொறி ஓட்டுகிறவர், மேடைப்பேச்சுத் தெரியாதவர். வழக்கமானதைச் சொல்லி முடித்துவிட்டு உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார்:

"பள்ளிக்கூடத்துப் புள்ளைகள்ட சாப்பாட்டுல எங்கட ராத்தா குறை வச்சிட்டாண்டு ஒரு கதை இரிக்கி. எங்களுக்குத் தெரியா. அப்பிடி அறிஞ்சோ அறியாமலோ ஏதும் நடந்திருந்தா, அந்தப் புள்ளைகள்ட வாப்பாமார் இஞ்ச இரிக்கிறீங்க, அல்லாவுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க."

முழுப் பள்ளிவாசலும் "பொருந்தினோம்" என்றது. அந்தக் குரல்களுக்குள் என் குரலும் இருந்தது. பழக்கத்தில் வந்துவிட்டது. முதல் வரிசையில், அவர் கிடந்த சந்தூக்குப் பெட்டிக்கு நான்கு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, செய்யாத குற்றத்துக்காக அவரை நான் மன்னித்தேன். அப்போதும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம், தொழுகை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். நானும் கட்டினேன்.

அதன் பிறகு எனக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. முதலில் எனக்குப் பழக்கமான வழியில்தான் போனேன். நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் நீண்ட மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். அந்தத் திட்டக் கோப்பு மூடப்பட்டுவிட்டது, உங்கள் வெளிப்படைத்தன்மைக்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. யார் எழுதியது என்றுகூட இல்லை.

பிறகு அவருடைய மகளிடம் போனேன். தாயின் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய பிள்ளை இப்போது அதே பாடசாலையில் படிக்கிறது. கதிரை போட்டாள், தேநீர் தந்தாள். நான் திகதியில் தொடங்கி வாக்கியம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உம்மாக்கு இது தெரியும் சேர்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சேர் எழுத்துல பிழை விடுற ஆளில்ல, அறிஞ்சிதான் எழுதியிருப்பார் எண்டு சொன்னா. வெளிய கதைக்க வேணாமெண்டும் சொன்னா. படிச்ச மனிசன், நாங்க சொன்னா ஆரும் நம்ப மாட்டாங்க எண்டு."

"என்னைப் பொருந்திக்கொள்ளுங்க மகள்" என்றேன்.

"நான் எப்பிடிச் சேர் பொருந்துற? என்னயா களவெடுத்த எண்டாங்க?" அவள் குரலை உயர்த்தவில்லை. "இஞ்ச வந்து எனக்கிட்டச் சொல்லி நீங்க பாரத்த இறக்கிட்டுப் போவீங்க. உம்மாவக் கதைச்சது இந்த ஊர்ப் பொம்பிளையள். அவங்கட காதுல விழணும். செய்யிறதெண்டா அதச் செய்யுங்க."

பெண்களின் காதில் எப்படி விழ வைப்பது? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எழுந்து பேசினால் ஆண்கள்தான் கேட்பார்கள். பள்ளிவாசல் தலைவரைப் போய்ப் பார்த்து, வெளி ஸ்பீக்கரைப் போட்டு இரண்டு நிமிடம் பேச விட வேண்டும் என்று கேட்டேன். அவரும் என்னிடம் படித்தவர்தான். விஷயத்தைக் கேட்டதும் தாடியைத் தடவினார்.

"பழைய கதை சேர். ஆளும் மௌத்து. இப்ப எதுக்கு உங்கட பேரையும் கெடுத்துக்கொள்றீங்க? அவவுக்காகத் துஆச் செய்யுங்க, போதும்."

"அவட பேர் கெட்டுத்தானே கிடக்கு."

"வெளி ஸ்பீக்கர் பாங்குக்கும் மௌத்து அறிவித்தலுக்கும்தான் சேர். நிர்வாகத் தீர்மானம் இரிக்கி. அதோட நீங்க ரெண்டு நிமிஷம் எண்டா அரை மணித்தியாலம். வகுப்பிலயே தெரியும். சனத்துக்குப் பசி" என்று சிரித்தார்.

"மௌத்தான ஒரு ஆள்ட விஷயம்தான் இது" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வாற வெள்ளிக்கிழமை" என்றார்.

ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்றபோது அதைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. எழுதினால் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும். தொழுத ஜமாஅத்தில் பாதிப்பேர் செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். நான் அவர் இருந்த தெருவைச் சொன்னேன், பாடசாலைக்குச் சமைத்தவர் என்று சொன்னேன். நிறுவைத் திகதியைப் பிழையாகக் குறித்தது நான், நோன்பு முடிந்த கையோடு நிறுக்க வேண்டாம் என்று அவர் என்னிடம் வந்து சொன்னார், நான் கேட்கவில்லை, பிறகு என் பிழையை மறைக்க அவர்மேல் சந்தேகம் விழும்படி எழுதினேன், அவர் ஒரு முட்டைகூட எடுக்கவில்லை என்றேன். என் குரல் வெளியே மினாராவிலிருந்து கொஞ்சம் பிந்தி எனக்குத் திரும்பிக் கேட்டது. வேறு யாரோ ஒரு கிழவர் பேசுவது போல இருந்தது. பொருந்திக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் அந்தச் சபையில் இல்லை.

வெளியே வந்தபோது சிலர் என் கையைப் பிடித்தார்கள். "பெரிய மனசு சேர் உங்களுக்கு" என்றார் ஒருவர். இதிலும் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தப் பார்க்கிறார்கள். வேகமாக நடந்தேன். எங்கள் தெரு முனையில் ஒரு வீட்டுக் கேற்றடியில் மூன்று பெண்கள் நின்றார்கள். நான் கிட்ட வந்ததும் கதை நின்றது. கடந்து போனதும் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "இவ்வளவு நாளும் வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தார்?" என்றாள். இன்னொருத்தி, "நாங்களும்தானே கதைச்ச" என்றாள். எனக்கு அன்று கிடைத்த ஆறுதல் அந்த இரண்டாவது பெண்ணின் குரல்தான்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. வாசலில் ஆள் வருவது இன்னும் குறைந்துவிட்டது. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. சென்ற வாரம் பாடசாலை அதிபர் போன் எடுத்தார். புதிய ஆண்டுக்குச் சமைக்க ஆள் தேடுகிறார்களாம். அந்த மகளுக்கே கொடுக்க வேண்டும் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்களாம். தாய்மார்தான் முதலில் சொன்னார்களாம். அவர் போய்க் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"மாட்டன் எண்டுட்டா சேர். அடுத்த வருஷமும் நோன்பு வரும்தானே, நிறுக்கவும் வருவீங்கதானே எண்டா. நீங்க ஒருக்காப் போய்க் கதைச்சா சம்மதிப்பாவோ?"

அவளிடம் போக எனக்கு விருப்பம் இருந்தது. யாரிடமாவது போக வேண்டும் என்ற விருப்பமும் அதில் கலந்திருந்தது.

"அவ சொல்றது நியாயம்" என்றேன். "அவவ விடுங்க. வேற ஆளப் பாருங்க. நிறுவைத் திகதிய மட்டும் சமைக்கிற ஆள்ட்டக் கேட்டுக் குறியுங்க."

எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.